பங்சர்

ஏழு பத்துக்குப் போன் அடித்தான் பிரகலாதன்.
"அண்ணே, செகாம்புட் ரவுண்டபௌட்கிட்ட
பின் டயர் பங்சர்.
இன்னிக்கு கிளினிக் வர முடியாது போல."

பொய்.
எனக்குத் தெரியும், அது என்னுடைய பொய்.
பதினோரு வருஷத்துக்கு முன்னால்
அதே ரவுண்டபௌட்டில், அதே பின் டயரை
தவமலர் அக்காவுக்காக நான் பங்சராக்கினேன்.
அக்கா நாற்பது வெள்ளி போட்டுவிட்டாள்.
அப்போது என்னிடம் மோட்டாரே இல்லை.
அது பொடியாகிப் போய் ஒரு மாதம்.

பயிற்சியில் எங்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள்.
மூன்று நாள், செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடி,
மீகூனும் ரோஸ் சிரப்பும்.
குற்றம் சாட்டாதே. கேள். காத்திரு.
தன் பழைய பொய்
இன்னொருவன் வாயிலிருந்து வந்தால்
முகத்தை எங்கே வைத்துக்கொள்வது
என்று அந்தத் தாளில் இல்லை.

"எந்தக் கடையில ஒட்டுற?"
அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
பிறகு ஒரு சேவல் கூவியது.
ரவுண்டபௌட்டில் ஏது சேவல்?
அவன் ஃபிளாட்டில், ஐந்தாம் மாடி நடையில்,
யாரோ கூண்டில் வளர்க்கிறார்கள்.
"கடை இன்னும் தொறக்கலண்ணே."
"சரி. தொறக்கிற வரைக்கும் பேசுவோம்."

முட்டை விலை பேசினோம்.
மகளின் வெள்ளைக் காலணி
இனிப் பள்ளிக்கு ஆகாது, கறுப்பு வாங்கணும் என்றான்.
அளவு கேட்டேன். தெரியவில்லை.
எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.
வீட்டில் இருக்கிறான் என்பதை
அப்படித்தான் மறந்து சொல்லிவிட்டான்.

ஏழு ஐம்பத்திரண்டு.
"அண்ணே, மோட்டார் நல்லாதான் இருக்கு."
"எனக்கும் பின் டயர்தான்டா."
சிரித்தான். மூக்கொழுகும் சிரிப்பு,
எலும்புக்குள் எறும்பு ஊரும் காலையில்
எவனாவது சிரிக்க வைத்தால் வருவது.

ஒன்பதுக்குக் கவுன்ட்டர் மூடும்.
எட்டு நாற்பதுக்கு வந்தான், சட்டை திருப்பிப் போட்டு.
கண்ணாடிக்குப் பின்னால் மிஸ்ஸி
சின்னக் கப்பில் மெத்தடோன் ஊற்றி நீட்டினார்.
குடித்ததும் பெயர் சொல்ல வேண்டும்.
வாயில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய்
விற்றவர்கள் உண்டு. விற்றவனுக்குத் தெரியும்.
"பிரகலாதன்."
காற்றாடிச் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னொரு தடவை.
"பிரகலாதன் அனாக் லெலாக்கி சின்னையா!"
வரிசையே திரும்பிப் பார்த்தது.
பின்னாலிருந்த மலாய்க்காரர் 'ஹாடிர்' என்றார்,
பள்ளியில் பெயர் கூப்பிட்டதுபோல.
மிஸ்ஸியும் சிரித்துவிட்டார்.

அவனை வேலைக்கு அனுப்பிவிட்டு
ஜாலான் ஈப்போவில் திரும்புகிறேன்,
மோட்டார் ஒரு பக்கம் இழுக்கிறது.
இறங்கிப் பார்த்தால், நிஜமாகவே,
பின் டயர்.

அக்காவுக்குப் போன் செய்தேன்,
பத்து மணிக்கு அவளை
கண் ஆஸ்பத்திரியில் விட வேண்டும்.
"அக்கா, வர லேட்டாகும்."
"ஏன்?"
ஆறு வருஷம் சுத்தமாக இருக்கிறேன்.
நான் போனால் இன்னும் அவள் கைப்பை
அவளோடு குளியலறைக்குப் போகிறது.
"மோட்டார்..." என்றேன். சொல் வரவில்லை.
வந்தது. சொன்னேன்.
அவள் பக்கம் நெடுநேரம் தொலைக்காட்சி பேசியது.
"சரி. பாத்து வா" என்றாள்.

கடைக்காரர் குறடால் பிடுங்கிய ஆணியைக்
குப்பையில் போடப் போனார்.
கேட்டு வாங்கினேன்.
விசித்திரமாகப் பார்த்தார்.
கறுத்த, வளைந்த, ஒரு அங்குல ஆணி.
சட்டைப்பையில் கிடக்கிறது.
அவள் கேட்க மாட்டாள்.
கேட்டால் இருக்கட்டும்.