வாளிக்குள் இருட்டு

முந்திரித்தோப்பில் ஜேசிபி சாய்த்த கிளையோடு வந்தவள்.
பின்னங்கால் ஆறட்டும், விட்டுவிடலாம் என்றிருந்தோம்.

மூன்று நாளாய்ச் சாப்பிடவில்லை.
வெட்டுக்கிளியைப் பார்த்த கண்
அப்படியே திரும்பிக்கொண்டது.
இன்னொரு கண் தரையைத் துழாவியது.
வயிற்றின் இருபுறமும்
மொச்சைக்கொட்டை அடைத்த பைபோல் மேடுகள்.

தேவனாம்பட்டினத்து மணல் உப்பு, ஆகாது
என்றார் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்.
கெடிலத்து மணலை மூன்று தண்ணீர் அலசி
பெயின்ட் வாளியில் முழங்கை ஆழம் நிரப்பினேன்.
பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும்,
பிழிந்தால் சொட்டக் கூடாது.

யாராவது பார்த்தால் தோண்ட மாட்டாள்.
தமயந்தி தன் பழைய நைட்டியை
வாளியைச் சுற்றிக் கட்டினாள்.
நானும் அவளும் பேசிப் பதினொரு நாள்.
அன்றைக்கு மட்டும்
பேசாமலிருக்க ஒரு காரணம் இருந்தது.

மஞ்சக்குப்பம் பக்கமிருந்து பிரச்சார ஆட்டோ
‘பச்சோந்திகளுக்கா உங்கள் ஓட்டு?’ என்று கத்தியபடி
எங்கள் தெருவுக்குள் திரும்பியது.
தமயந்தி வாசலுக்கு ஓடினாள்.
என்ன சொன்னாளோ, மைக் அணைந்தது.

உள்ளே நகம் சுரண்டும் சத்தம்.
நின்றது.
மறுபடியும்.

விடிகையில் மேலேறி உட்கார்ந்திருந்தாள்,
மூக்கெல்லாம் மண், தோல் தொளதொளத்து,
பெயர் சொல்லத் தெரியாத ஒரு நிறத்தில்.
குழியை மூடி மிதித்துச் சமன் செய்திருந்தாள்.
தெரியாதவர்கள் வெறும் மணல் என்பார்கள்.

செம்பருத்தி இலையில் நான் சொட்டச் சொட்ட
நெடுநேரம் குடித்தாள்.

‘எத்தனை இருக்கும்?’
என்றாள் தமயந்தி, வாளியைப் பார்த்து.

தோண்டிப் பார்க்கவில்லை.