இருபத்தைந்து மில்லிலீற்றர்

போயா. கடையெல்லாம் பூட்டு.
நேற்றே வாங்கி வைத்ததால் தப்பினேன்:
ரம் அரைப் போத்தல்,
யானைப் படம் போட்ட இஞ்சிச் சோடா மூன்று,
பை பாரமாய் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமென்று
கால் கிலோ தேசிக்காய்.

மருந்துக் கடைக்காரன் நான்.
கண்ணளவில் எதையும் ஊற்றிப் பழக்கமில்லை.
பிள்ளைகளின் காய்ச்சல் பாணியோடு வருமே
ஒரு பிளாஸ்டிக் மூடி,
பக்கத்தில் மெல்லிய கோடுகள், ஐந்து, பத்து என்று,
அதுதான் என் அளவு.
இரண்டு தரம் பத்து. ஒரு தரம் ஐந்து.
ரம் முதலில். ஐஸ் பிறகு.
சோடாவைக் கிளாஸைச் சரித்து
அதன் சுவரோடு இறக்க வேண்டும்,
நித்திரையான பிள்ளையைக் கட்டிலில் கிடத்துகிற மாதிரி.
அவசரப்பட்டால் நுரை மேசைக்கு, இஞ்சி மூக்குக்கு.

குடித்து முடிய
லேபிள் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு.
பிறகு அலுமாரியில்,
பழைய விலைப்பட்டியல்களுக்குப் பின்னால்.
ஒளிப்பதில்லை.
காட்டுவதுமில்லை.

ஆனாலும் மட்டம் இறங்கியபடியே இருந்தது.
கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை,
சில கிழமை இரண்டு.
மூடி சரியில்லை என்று பிளாஸ்டர் சுற்றினேன்.
கொழும்பு வெக்கைக்கு மதுசாரம் ஆவியாகும்தானே என்று
படித்த மூளை ஒரு நியாயமும் சொன்னது.

இன்று கரண்டும் இல்லை.
வெள்ளவத்தை முழுக்க நிலா மட்டும்.
ஐஸ் உருகுமுன் என்று நான் மூடியைத் தேட,
ஜெயரதி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.
"எனக்கும் ஒண்டு."

இருபத்தாறு வருசத்தில் கேட்டதில்லை.
என்ன நடந்தது?
பள்ளிக்கூடத்தில் அதிபரோடு ஏதுமா?
ரொறன்ரோவிலிருந்து மகள் போன் எடுத்தாளா?
"ஒண்டும் இல்லை. வெக்கையா இருக்கு."

பிறகு என் கையிலிருந்த போத்தலை வாங்கி
அவளே ஊற்றினாள்.
மூடி இல்லை. கோடு இல்லை.
ஒரு துண்டு இஞ்சியை அம்மிக் குழவியால் ஒரு தட்டு,
இரண்டு விரலுக்குள் எவ்வளவு உப்போ அவ்வளவு,
தேசிக்காய்த் தோலைக் கிளாஸின் விளிம்பில் ஒரு சுற்று.
சோடாவை உயரத்திலிருந்து விட்டாள்.
நுரை விளிம்புவரை எழும்பி,
அவளைப் பார்த்து, இறங்கியது.

ஒரு மிடறு.
இத்தனை வருசமும் நான் குடித்தது
மருந்து.

"எங்க பழகினனீ?"
"செவ்வாய்க்கிழமையில. நீங்கள் ஸ்டொக் எண்ணப் போற நாள்."
"தனியவோ?"
"மேல்மாடி டொரீனோட. சோடா அவவின்ர. ரம் எங்கட."
"அப்ப அந்தப் போத்தலில..."
"ஆவியுமில்லை, பேயுமில்லை. நான்தான்."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது.
தேடிப் பார்த்தேன்.
பிளாஸ்டரைக் கழற்றி
திரும்பவும் அதே மாதிரிச் சுற்றி வைக்க
அவள் பட்டிருப்பாளே ஒரு பாடு,
அதுதான் கண்ணுக்குள் வந்தது.

பழக்க தோசம், பென்சிலை எடுத்தேன்.
போத்தலை நிலாவுக்கு நேரே பிடிக்க,
கீழே, கடலோரம், பாணந்துறை ரயில்.
ஜன்னல் நடுங்க, மேசை நடுங்க,
போத்தலுக்குள் ரம்மும் ஒரு பக்கம் நில்லாமல்
ஆடியது.
எங்கே கீறுவது?

ரயில் போனது. மேலே
கதிரை ஒன்று நகர்ந்த சத்தம்.
ஜெயரதி அண்ணாந்து பார்க்கவுமில்லை,
மூன்றாவது கிளாஸை எடுத்துத்
துடைக்கத் தொடங்கினாள்.

எங்களிடம் மிச்சம் அரைச் சோடா.
"அவவிட்ட இருக்குமோ?"
கேட்டது நான்தான்.