நாலு தண்ணி பாக்கி

பீளமேட்டுப் பட்டறையில்
ஹப்மொபைலுக்குச் சக்கரம் நாலும்
வேலமரத்தில் கடைந்தாகிவிட்டது.
ஹிக்கரிக்கு எங்கே போவது?
பித்தளை விளக்குகள் பல்லடத்தில் அகப்பட்டன,
ஒன்றுக்குள் குளவிக்கூடு.

எஞ்சின் மட்டும்
அறச்சலூர்ப் பக்கம், பொங்கியண்ணன் தோட்டத்தில்,
எண்பதடிக் கிணற்றின் மேட்டில்
மண்ணெண்ணெய் குடித்துத் தண்ணீர் இறைக்கிறது.
டெட்ராய்ட் என்ற எழுத்தில்
பாதி தேய்ந்துவிட்டது.

"தாராளமா எடுத்துக்கங்க.
மஞ்சளுக்கு இன்னும் நாலு தண்ணி பாக்கி,
வெட்டு முடியட்டுங்க."

முடிந்தது.
வெங்காயம் நட்டிருக்கிறார்.

ஞாயிறுதோறும் போய்
எண்ணெய் விட்டு, போல்ட்டு முடுக்கி வருகிறேன்.
போன வாரம் வால்வு ஒன்றை
நானே கடைந்து மாட்டினேன்.
இப்போது முன்னைவிட நன்றாக இறைக்கிறது.

பட்டறையில் வண்டி
மூடியைத் திறந்துவைத்தபடி நிற்கிறது.
அதனிடம் இதைச் சொல்லவில்லை.