மீட்டர் பெட்டியின் உயரம்

பதினோரு வருஷமாய்த் தஞ்சாவூரின் வாசல்களை
எண்களாகப் படிப்பவள் நான்.
நாய் இருக்கா என்று கேட்டுவிட்டு நுழைவேன்,
வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுத் திரும்புவேன்.
யார் வீட்டில் புதிதாய் ஏசி,
யார் மகன் துபாய் போனபின்
நூறு யூனிட்டுக்குள் சுருங்கிப்போனார்கள்,
எல்லாம் தெரியும்.
என் பெயரில்தான் ஒரு இணைப்பு இல்லை.

பதினெட்டு லட்சம், அதற்குமேல் ஒரு ரூபாய் இல்லை
என்றது வங்கி.
சவேரியின் டயர் கடைச் சம்பளத்தை
அவர்கள் சம்பளமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

வல்லத்தில் செம்மண் மேடு, நல்ல காற்று.
இவன் அங்கேயே நாற்காலி போட்டு
உட்கார்ந்துவிட்டான், மனசுக்குள்.
நான் அந்தத் தெருவின் கணக்கை அறிந்தவள்.
நானூறு அடிக்குக் கீழே தண்ணீர்;
வீட்டுக்கு வீடு மோட்டார்தான்
பாதி பில்லைக் குடிக்கிறது.

வடக்கே, வடவாற்றுக்கும் வெண்ணாற்றுக்கும் நடுவில்
முப்பதடியில் தண்ணீர்.
ஐப்பசி கடைசியில் தோண்டவே வேண்டாம்,
அதுவே வந்து கதவைத் தட்டும்.
அங்கே மீட்டர் பெட்டிகள் கழுத்துக்கு மேலே.
ஸ்டூல் கேட்டு ஏறித்தான் படிப்பேன்.
எந்த வில்லங்கச் சான்றிலும்
வராத வில்லங்கம் அது.

புறவழிச்சாலைக்கு அப்பால் குபேர கார்டன்.
குறுவை அறுத்த தாள் இன்னும் காலில் குத்துகிறது,
நடுநடுவே மஞ்சள் கல்.
"இது முப்பதடி ரோடு" என்றார் தரகர் பக்கிரிசாமி,
வரப்பின் மேல் நின்றுகொண்டு.
நாற்பத்தோராம் மனை பிடித்திருந்தது.
சார் பேரு?
சவேரி.
முழுப் பேரு?
சவேரிமுத்து.
சொந்த ஊரு?
பூண்டி பக்கம்.
பூண்டி பக்கம்னா... எந்தத் தெரு?

சாயங்காலம் போன் வந்தது,
அந்த மனை நேற்றே போய்விட்டதாம்.
அடுத்த சுற்றில் அந்த வழியாகத்தான் போனேன்.
நாற்பத்தொன்றில் ஒரு ஆடு கட்டியிருந்தது.
சவேரியிடம் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.

கடைசியில் அரிசி ஆலைக்குப் பின்தெரு.
அறுநூறு சதுரடி, ஓட்டின்மேல் ஓடாய் விழும்
உமிக்கரி. கொடியில் காயும் வெள்ளைத்துணி
மத்தியானத்துக்குள் சாம்பல்.
அதனால்தான் கைக்கெட்டும் விலை.
ஆனால் அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பதிவேட்டில்
ஆலையின் யூனிட்டை நான் பார்த்திருக்கிறேன்:
மூன்று தவணையாய் இறங்கிக்கொண்டே வருகிறது.
இன்னும் ஒரு வருஷம். புகை நிற்கும்,
விலை ஏறும்.
சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது.
களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்
நிமிர்ந்து பார்த்து,
"வீடு பாக்க வந்தீங்களா? வாங்க, நல்ல தெருதான்" என்றாள்.
நான் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்தேன்,
கரி என்று.

வீட்டுக்காரர் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்.
மீட்டர் என் கண்ணுக்கு நேரே.
கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன்:
இடுப்பளவில், பட்டியின் கீழே,
அடைத்து மூடிய நான்கு திருகுத் துளைகள்.
பெட்டி ஒருமுறை மேலே ஏறியிருக்கிறது.
"எந்த வருஷம்?" என்றேன்.
அவர் முதலில் "என்னது" என்றார்.
பிறகு தரையைப் பார்த்து,
"ஒரே ஒரு தடவைம்மா. ரெண்டு நாள்" என்றார்.

நான்கு துளைக்கு எண்பதாயிரம் குறைத்தார்.
ஒரு துளைக்கு இருபது என்று
வண்டியில் வரும்போது சவேரி கணக்குப் போட்டான்.

முன்பணம் கொடுத்தாயிற்று.
பெயர் மாற்றத்துக்கான படிவம்
என் பையிலேயே இருக்கிறது,
எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்த அதே படிவம்.
நேற்று இரவு பேனாவை எடுத்தேன்.
நுகர்வோர் பெயர் என்ற இடத்தில்
யார் பெயர் என்று இன்னும் முடிவாகவில்லை.
அதைவிட முக்கியம்,
மழைக்குள் அந்தப் பெட்டியை
இன்னொரு அடி தூக்கி வைக்க வேண்டும்.
ஸ்டூல் ஒன்று வாங்க வேண்டும்,
படிக்க வருகிறவளுக்கு.