எஃப் வேண்டாம்

கீழே நேந்திரங்காய் வறுக்கிறார்கள்.
பத்து மணிக்கு எண்ணெய் காயத் தொடங்கினால்
பதினொன்றுக்கு என் அறைத் தரை சுடும்,
பதினொன்றே காலுக்குப் பிராசஸர் தொண்ணூற்றைந்து டிகிரி.
களியக்காவிளையில் இந்த வாடகைக்கு
வேறு மாடி இல்லை.

வினிஜா கல்யாணம் மூன்று வாரமாய் டைம்லைனில் கிடக்கிறது.
பெண் வீட்டுக்கு நம்ம டென்னிஸ் கேமரா,
மாப்பிள்ளை வீட்டுக்குப் பாறசாலை ஆள்.
டென்னிஸ் எடுத்தது எட்டு பிட், எதிலும் ஓடும்.
பாறசாலைக்காரருடையது புதுசு.
ஃபோர்கே, பத்து பிட், நாலு-ரெண்டு-ரெண்டு.
நிறம் முதல் தேங்காய்ப்பால் மாதிரி திக்காக இருக்கிறது,
ஓடத்தான் மாட்டேன் என்கிறது.

கார் செக்போஸ்ட்டைத் தாண்டும் ஷாட்டில்
ஒவ்வொரு முறையும்
கோழி லாரியைப் போல நின்றுவிடும்.
ஜன்னலில் வினிஜா முகம்:
கண்ணை இறுக்கி, வாய் கோணி,
அழுகையின் உச்சத்தில் உறைந்து.
அடியில் ஒரு வயலின் போட்டு வைத்தேன்.
எனக்கே நெஞ்சை அடைத்தது.

பெரிய கார்டு வாங்கு என்றார்கள்.
சர்ச் சவுண்டு பார்க்கும் ஜெறோம் சொன்னான்,
கேம் விளையாடும் என் தம்பி சொன்னான்,
சிட்டி பிடித்துத் தருகிறேன் என்ற லிசம்மாவும் சொன்னாள்,
கார்டு என்றால் என்னவென்று கேட்காமலே.

ஒரு ராத்திரி, கீழே அடுப்பு அணைந்த பிறகு,
அந்த ஷாட்டை ஓடவிட்டு
எது திணறுகிறது என்று மட்டும் பார்த்தேன்.
இருக்கிற கார்டு கை கட்டி நின்றது. மூன்று சதவீதம்.
எட்டுக் கோரும் மூச்சு வாங்கின.
நாலு-ரெண்டு-ரெண்டை வாசிக்க
கார்டுக்கு எழுத்தே தெரியாது,
அதன் பெரிய அண்ணன்மார் நிறையப் பேருக்கும்.
தெரிந்தது,
சில பிராசஸருக்குள்ளேயே ஒண்டுக்குடித்தனம் இருக்கும்
குட்டி கிராபிக்ஸுக்கு.

பாறசாலைக் கடையில் ஷைன்குமார்
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.
"சேச்சி, எஃப் மாடல் எடுத்தா ரெண்டாயிரம் குறவு.
ஸ்பீடு எல்லாம் ஒண்ணுதன்னே."
எஃப் என்றால் உள்ளே அந்தக் குட்டி இல்லை.
"எஃப் வேண்டாம்."
"கார்டு இருக்குல்லோ?"
"எஃப் வேண்டாம்."
மூன்றாம் முறை சொன்னபோது
கடைப் பையன் சிரித்தான்.
மிச்சக் காசில் அறுபத்துநாலு ஜிபி ரேம்,
பழைய டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி,
அப்புறம் ஆஞ்சிலிப்பழக் குலை அளவில் ஒரு கூலர்,
அது கீழ்வீட்டு எண்ணெய்க்காக.

பஸ்ஸில் மடியில் வைத்து எல்லை தாண்டினேன்.
யாரும் நிறுத்தவில்லை.

இன்று பதினொன்றரை. தரை சுடுகிறது. அறுபத்தெட்டு டிகிரி.
ஸ்பேஸ் பாரைத் தட்டினேன்.
கார் வருகிறது, செக்போஸ்ட், ஜன்னல்,
வினிஜா கண்ணை இறுக்குகிறாள், வாய் கோணுகிறது,

தும்முகிறாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு
டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.
ஏசியைக் குறைக்கச் சொல்லியிருப்பாள்.

வயலினை எடுத்துவிட்டேன்.