வட்டம் போடாதேங்கோ

வரைபடம் கீறுகிற ஆளுக்கு,
அராலி தெற்கிலை இருந்து தவமலர்.

என்ரை புள்ளி கடல்நீரேரிக்குள்ளை நிக்குது.
தசமத்துக்குப் பிறகு ரெண்டு இலக்கத்தோடை வெட்டிப்போட்டியள்;
அந்த வெட்டிலை வீடு, தண்ணித் தாங்கி,
பிவிசி பைப்பிலை நான் கட்டின அன்ரெனா
எல்லாம் இறால் கூட்டுக்குப் பக்கத்திலை மிதக்குது.
என்னைக் கரைக்கு எடுங்கோ.
ஆனால் படலை வரைக்கும் கொண்டுவரவேண்டாம்.
போன மாசி சிவில் உடுப்பிலை ரெண்டு பேர் வந்து
"உது என்ன கம்பி" எண்டு கேட்டவை.
அறுபத்தொன்பது மில்லிமீற்றர் செம்பு எண்டன்.
அளந்து பாத்திட்டுத்தான் போனவை.
கோயிலடி, குளத்தடி எங்கையாவது
அரைக்கட்டை தள்ளி வையுங்கோ, போதும்.

மற்றது அந்த வட்டம்.
ஒவ்வொரு நிலையத்தையும் சுத்தி
கவராயம் வைச்சு இழுத்தமாதிரி.
இருநூறு மைல் எனக்குக் கேக்குதாம்.
வந்து கேட்டுப் பாருங்கோ.
வடக்கை கடல்; நாகபட்டினம் தாண்டி
முப்பத்தாறாயிரம் அடியிலை போறவன்கூட
தன்ரை இலக்கத்தைச் சொல்லிப்போட்டுத்தான் போறான்.
வடகிழக்கிலை சுவிஸ்காரற்றை மூண்டு மாடி.
ஒருத்தரும் குடியில்லை,
யன்னலுக்கு இன்னும் கண்ணாடி போடேல்லை.
அந்த வீடு என்ரை வானத்திலை ஆப்பு இறுக்கியிருக்கு.
என்ரை கேள்வி கடிச்ச அப்பளம்.
கடிச்சபடியே கீறுங்கோ.

நெடுந்தீவு அமலதாசின்ரை புள்ளியை
நாப்பத்தொரு நாளிலை அழிச்சுப்போட்டியள்.
அவர் சாகேல்லை.
உப்புக் காத்து கனெக்ரரைத் திண்டிட்டுது.
புதுசு ஒண்டு வாங்கி என்ரை கைப்பைக்குள்ளை கிடக்கு;
காத்து விழுந்து படகு ஓடினால் குடுத்துவிடுவன்.
அதுவரைக்கும்
உள்ளை ஒண்டும் இல்லாத ஒரு வளையமாவது விடுங்கோ.
கரண்ட் போனதுக்கும் ஆள் போனதுக்கும்
ஒரே வெறுமையைக் காட்டுற படம்
இந்த ஊருக்குச் சரிவராது.

சில விமானம் பேர் சொல்லும், இடம் சொல்லாது.
நாலு பேர் அதைக் கேட்டால்
ஆருக்கு முந்திக் கேட்டது, ஆருக்குப் பிந்தி
எண்ட கணக்கிலை இடத்தைப் பிடிச்சுப்போடலாம்.
நான், அமலதாஸ், பருத்தித்துறையிலை ஒரு பல்வைத்தியர்.
மூண்டு சாட்சி.
பேசாலையிலை ஒருத்தர் கிடைச்சால் நாலு.
ஆள் இருக்கிற இடமெல்லாம் பச்சை பச்சையாக் காட்டுறியள்;
ஆள் தேவைப்படுற இடத்துக்கும்
ஒரு நிறம் கண்டுபிடியுங்கோ.

பத்து வயசிலை எனக்கு அன்ரெனா இல்லை.
பங்கர் வாசலிலை நிண்டு சத்தத்திலையே சொல்லுவன்
இது சுத்துது, இது திரும்பிப் போகுது எண்டு.
"இல்லை, இன்னொண்டு வருது"
பக்கத்து வளவிலை இருந்து கத்துவினம்.
அப்ப வீட்டுக்கு வீடு நிலையம்.
அந்தப் படத்தை ஒருத்தரும் கீறேல்லை.

சரி, அதை விடுங்கோ.

சென்னையிலை இருந்து பலாலிக்கு வாற சின்ன விமானம்
ரெண்டாயிரம் அடிக்குக் கீழை இறங்கினதும்
சுவிஸ் வீட்டுக்குப் பின்னாலை காணாமல் போகுது.
உங்கடை படம் உடனை
"தொடர்பு அறுந்தது" எண்டு எழுதுது.
நான் செருப்பைக் கொழுவிக்கொண்டு
அந்த மதில் மூலை தாண்டி றோட்டுக்குப் போறன்.
அங்கை நிண்டால் தெரியும்
பனைக்கு மேலை ஒரு வெள்ளைப் பொட்டு,
மெள்ள, அவசரமில்லாமல், இறங்கிக்கொண்டிருக்கு.
அறுந்தது எண்டதை அழிச்சுப்போட்டு
"வீடு மறைக்குது" எண்டு போடுங்கோ.