ஆறரை இஞ்ச் வாய்

சாமியாத்தாள் தோட்டத்து ஏழாவது போர்
முந்தாநாள் இராத்திரி மோட்டாரை விழுங்கிவிட்டது.
கயிறு அறுந்ததா, பைப்பு கழன்றதா,
பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.
மூலனூரிலிருந்து கரூர் வரை
துளைக்குள் கேமரா விடுவது என் பிழைப்பு.

மீட்டர் அடியடியாய் எண்ணுகிறது.
நாற்பத்திரண்டு. பைப்பின் விளிம்பில் ஒரு தவளை.
வெளிச்சத்துக்குக் கண்ணை மூடவில்லை.
இங்கே உனக்கென்ன வேலை என்று
அதுதான் என்னைக் கேட்கிறது.
நூற்றுப்பத்து. கருங்கல்.
திரையில் ஈரமே இல்லாத ஒரு தொண்டை.

"தெரியுதுங்களா?"
குடையை எனக்கல்ல, திரைக்குப் பிடித்தபடி சாமியாத்தாள்.
"இன்னும் போகோணுங்க."

பஸ்ராவில் இரண்டு வருஷம்
உப்பு நீக்கும் ஆலையில் ஃபில்டர் மாற்றினேன்.
கூட இருந்த ஹாஷிம் நசிரியாக்காரன்.
அவன் ஊர்ப் பக்கம் மணலில் ஒரு மேடு,
மேட்டுக்குள் பழங்கோயில், அதற்கும் அடியில்
அப்சு என்றான்.
கடல்தான், கரிக்காத கடல்.
எல்லாக் கிணற்றுக்கும் ஊற்றுக்கும் அப்பன்.
வானத்துக்குப் பேர் வைப்பதற்கு முன்னால்
நல்ல தண்ணி அவன், உப்புத் தண்ணி அவள், தியாமத்,
ஒன்றாய்க் கலந்து கிடந்தார்களாம்.

எங்கள் வாசலிலும் இரண்டு குழாய் உண்டு,
நல்ல தண்ணி ஒன்று, உப்புத் தண்ணி ஒன்று,
பத்து வருஷமாய் ஒன்றுக்கொன்று பேச்சில்லை என்றேன்.
என் அரபியில் அது சிரிப்பாக வரவில்லை.

முந்நூற்றறுபது. கல்லில் ஒரு கீற்று,
மூடாத இமை போல.
முன்பு நீர் வடிந்த கறை மட்டும்.

பெற்ற கூட்டம் போட்ட கூத்தில்
அப்சுவுக்குப் பகலில் ஓய்வில்லை, இரவில் உறக்கமில்லை.
தீர்த்துக்கட்டிவிடலாம் என்று எழுந்தான்.
ஏயா என்ற ஒருவன் முந்திக்கொண்டான்.
மந்திரம் சொல்லி, தண்ணீரின் மேல் தூக்கத்தை ஊற்றினான்,
தூங்கினவனைக் கொன்றான்,
அவன் மேலேயே வீடு கட்டிக் குடிபுகுந்தான்.
இதைச் சொல்ல ஹாஷிம் கத்த வேண்டியிருந்தது.
பக்கத்தில் கம்ப்ரசர்.

அந்தச் சத்தம் இந்தக் காட்டுக்கும் தெரியும்.
திருச்செங்கோட்டு வண்டி விடிய விடிய இறக்கியதில்
வேம்பு வெளுத்தது, கட்டுத்தறியில் எருமை வெளுத்தது.
ராடு மாற்றும் ஒடிசாப் பையன்கள்
உச்சி முதல் உள்ளங்கால் வரை கல்மாவோடு
இப்போதுதான் செய்து நிறுத்தியவர்கள் போல நின்றார்கள்.
அப்சுவின் மேல் கிடந்த களிமண்ணில்தான்
முதல் மனுஷனைப் பிசைந்தார்கள் என்பான் ஹாஷிம்.
சாமிகளுக்கு வாய்க்கால் வெட்டிச் சலித்துவிட்டதாம்.
கூலிக்கு ஆள் வேண்டியிருந்தது.

அறுநூற்றுப் பதினெட்டு. மோட்டார்.
சுவரில் தோள் சாய்த்து, அசதியில் நிற்பவன் மாதிரி.
அறுந்த கயிறு அதன் கழுத்தில்.
மோட்டாருக்கும் கல்லுக்கும் நடுச் சந்தில்
ஒரு துண்டுக் கறுப்பு.
என் விளக்கை என்னிடமே திருப்பித் தருகிறது.

"தண்ணிங்களா?"
"தண்ணிதானுங்க."
"எவ்வளவு?"
"தெரியலைங்க."

கேபிளைச் சுற்றும்போது கதையைச் சொன்னேன்.
களை பிடுங்கிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.
"ஏனுங்க, மேல வூடு கட்டுனவனுக்குத் தண்ணி வந்துதுங்களா?"
வந்தது. அவன் தோளிலிருந்து இரண்டு ஆறு கொட்டும்,
மீன்கள் அதில் எதிர்த்து ஏறும்,
கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றேன்.
"தோள்லருந்தா?" என்றாள்.
பிறகு மோட்டாரை எடுக்க என்ன கேட்பார்கள் என்றாள்.

நாற்பத்திரண்டில் தவளை இல்லை.
இருந்த இடம் மட்டும் மினுங்கியது.

காய்ந்த ஆறு போர்களின் வாயிலும் சாக்கு, சாக்கின் மேல் கல்.
இதற்கும் அப்படியே இழுத்துக் கட்டினோம்.
கல்லை நான் தூக்கினேன்.
"மெல்ல வைங்க," என்றாள்,
தொட்டிலில் கிடப்பதைச் சொல்வது போல.

எண்ணூறு ரூபாய் பாக்கி.
சோளம் விற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.